ஏங்க... எழுந்திருங்க

இதைப் படித்துவிட்டு, உண்மையா என்று கேட்க யாரும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம். அடித்தாலும் நான் எடுப்பதில்லை. எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்கிறேன். நடந்தது. என் கண் முன்னால் நடந்தது. நான் மட்டும் பார்த்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். எங்கள் அலுவலகமே பார்த்தது.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும். இது மத்தியானத்தில் வந்தது. வெளியே நல்ல வெயில். சாப்பிட்ட டப்பாவைக்கூட நான் இன்னும் கழுவி வைக்கவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். என் பொறுப்பில் ஒரே ஒரு பக்கம். உபயோகமான, ஜாலியான இணையதளங்களைத் தேடிப் பிடித்து, நானே பயன்படுத்திப் பார்த்து, தேறினால் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சட்டையில் எந்தக் கறை பட்டாலும் போக்க வழி சொல்லும் தளம். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் செடியின் பெயரைச் சொல்லும் தளம். எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஒரு பூனை நம்மைத் திட்டுவது போலக் கத்தும் தளம். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஐந்துக்கு இத்தனை ‘சொடுக்கு’ என்று போடுவோம். பூனைக்கு நான் நான்கு சொடுக்கு கொடுத்தேன். அந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். தலையங்கத்தை ஒருத்தரும் சீந்தவில்லையாம், பூனைக்கு இவ்வளவு கூட்டமாம்.

பொதுவாகத் தளம் நடத்துகிறவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். இவர் நேரில் வந்தார்.

மடிப்புக் கலையாத சட்டை. வழித்த முகம். மெதுவான பேச்சு. வரவேற்பில் இருக்கும் அக்கா அவருக்கு உடனே ‘தளக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயரே இங்கேயும் இருக்கட்டும். அவருடைய தளத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடுவீர்கள்.

விஷயம் எளிதானது. தளத்தில் உங்கள் பெயர், ஃபோன் எண், எழ வேண்டிய நேரம் மூன்றையும் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு பெண் கூப்பிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி எழுப்புவாள். அலாரம் மாதிரி அலறல் கிடையாது. வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் வந்து எழுப்புவது போல இருக்கும்.

அவர் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். என் பெயரை அடித்தேன். ஒரு நொடி அமைதி.

“ஏங்க...”

பிறகு என் பெயர். பிறகு, “எழுந்திருங்க. நேரமாச்சு.”

சொன்னால் சிரிப்பீர்கள். ‘இதோ’ என்று பதில் சொல்லப் போய்விட்டேன். அவ்வளவு நிஜமாக இருந்தது. என்னையே எதிர்பார்த்து, என் பெயரை வெகு நேரமாக நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள் போல.

யாருடைய குரல் என்று கேட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. யாருடைய குரலும் இல்லையாம், கணினி உருவாக்கியதாம். ஆம்பளை, பொம்பளை, யாராக இருந்தாலும் ‘ஏங்க’ என்றுதான் ஆரம்பிக்கிறதே என்றேன். மரியாதைக்கு என்றார். அதைச் சொல்லும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே என் கணவருக்கும் அதில் பதிவு செய்துவிட்டேன். அவர் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவர். ஊர் எழுவதற்குள் ரொட்டி வெந்திருக்க வேண்டும் என்பதால், கோழிக்கு முன்னால் எழ வேண்டிய பிழைப்பு. தூக்கத்தில் கும்பகர்ணனுக்குத் தம்பி. அலாரம் கடிகாரம் மூன்று வைத்திருந்தோம். ஒன்றை அரைத் தூக்கத்தில் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டவர்.

மறுநாள் முதல் அழைப்பிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கே ஆச்சரியம். பல் தேய்த்துக்கொண்டே, நான் ஒரு நாளாவது இப்படி அன்பாக எழுப்பியிருக்கிறேனா என்று குத்திக் காட்டினார். வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றாமல் இருந்ததே அன்புதான் என்றேன்.

விமரிசனம் எழுதினேன். ஐந்துக்கு ஐந்து சொடுக்கு. அதற்கு முன்னால் நான் யாருக்கும் ஐந்து கொடுத்ததில்லை. பக்கம் அச்சுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது.

முதலில் நேரம். நாலு மணிக்குக் கூப்பிட வேண்டியவள் பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டாள். மறுநாள் இன்னும் முன்னால். மென்பொருள் கோளாறு என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு சத்தம். அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில்...

டொக். டொக். டொக்.

கணவர் மாடிக் குழாயாக இருக்கும் என்றார். நான் எழுந்துபோய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன். அது வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

பத்திரிகை கடைக்கு வந்த நாள். விடிய இன்னும் நேரம் இருந்தது, தெருவிளக்கு வெளிச்சத்தில் ஜன்னல் வெளுத்திருந்தது. கண் விழித்துப் பார்த்தேன். பக்கத்தில் அவர் இல்லை. துணி அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கதவும் திறந்திருந்தன. தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“அந்தப் பொண்ணு கதவைத் திறக்கச் சொன்னா.”

சாதாரணமாகச் சொன்னார். கடைக்குப் போய் வரச் சொன்னாள் என்பது போல. பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலத் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

அவர் கையில் ஃபோன் இருந்தது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வாங்கிக் காதில் வைத்தேன். பேச்சு இல்லை. மூச்சு மட்டும். வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு மூச்சு விட்டால் எப்படி இருக்கும்... அப்படி.

நான் “யாரு?” என்றேன்.

மூச்சு நின்றது.

அழைப்பும் நின்றது.

அலுவலகம் போனதும் தளக்காரருக்கு ஃபோன் செய்தேன். விமரிசனத்துக்கு நன்றி சொன்னார். காலையில் இருந்து ஆயிரக்கணக்கில் புது ஆட்கள் சேருகிறார்களாம். குரலில் சந்தோஷம் வழிந்தது. நேரம் தப்புவதைச் சொன்னேன், சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். பின்னால் ஒரு சத்தம் கேட்கிறதே என்றேன்.

“என்ன சத்தம்?”

“யாரோ கதவைத் தட்டுற மாதிரி.”

வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கணவர் பெயரையும் என் பெயரையும் தளத்தில் இருந்து அழித்துவிட்டேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் அவர் ஃபோன் அடித்தது. அணைத்து வைத்திருந்த என் ஃபோனும் அடித்தது.

அந்த வாரம் வாசகர் கடிதங்கள் குவிந்தன. முதலில் எல்லாம் பாராட்டு. தூங்குமூஞ்சி மகன் தானாக எழுகிறான் என்று ஒரு அம்மா. மனைவியின் குரலைவிட இனிமை என்று ஒருவர், பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன். பிறகு கடிதங்களின் தொனி மாறியது. ஒரு ஆசிரியை எழுதியிருந்தார், காலையில் எழுந்து பார்த்தால் சமையலறை அலமாரிக் கதவு அத்தனையும் திறந்து கிடக்கிறதாம், யார் திறந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லையாம். ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வண்டியை ஓரம்கட்டிக் கண் அசந்திருக்கிறார். விழித்தபோது காரின் பின்பக்க டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றிருக்கிறார்.

எல்லோரும் ஒன்றையே கேட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது யார்?

அந்த வாரக் கடைசியில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். கைகள் முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. கிழித்தெடுத்த என் பக்கத்தை மேசையில் வைத்தார். அதன்மேல் தன் ஃபோனை வைத்தார். பட்டறைக்குச் சீக்கிரம் போக வேண்டியிருப்பதால், நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பதிவு செய்தாராம். குரலை எங்கே பிடித்தார்கள் என்று கேட்டார். கணினிக் குரல் என்று சொன்னேன்.

தலையை ஆட்டினார்.

“என் தங்கச்சிம்மா இது. செத்து ஒரு வருஷம் ஆகப்போகுது.”

அவள் குரல் எங்கெல்லாம் ஒலிக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் குரலை நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் குரல். பெரிய கடைகளில், கடை மூடப்போகிறது என்று பணிவாக விரட்டும் குரல். குரல் கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை. சேதி கேட்டு அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சின்ன வயதில் இருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. மத்தியானம் படுத்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மருத்துவரும் அப்படியே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

கல்யாணப் படத்தை ஃபோனில் காட்டினார். அவளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். குண்டுக் கன்னம், அடக்க முடியாமல் பாதியில் நின்ற சிரிப்பு.

பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையில் தளக்காரர்.

நான் மெதுவாகச் சொன்னேன், முன்பு எப்போதோ பதிவு செய்து வைத்த குரலாக இருக்கலாம் என்று. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மைக் முன்னாடி நின்னா அவ இழுப்பே தெரியாது. அவ்வளவு பழகினவ. இதுல மூச்சு கிடைக்காம பேசுறா. இது வேலைக்குப் பேசினது இல்லம்மா.”

அந்தத் தளத்தை நடத்துவதே படத்தில் இருக்கும் மாப்பிள்ளைதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஆசிரியரைக் கூட்டி வந்தேன். மூன்று பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். போலீசுக்குப் போகலாம் என்றார் ஆசிரியர். போய் என்ன சொல்வது? செத்தவள் தினமும் காலையில் ஃபோன் செய்கிறாள் என்றா? பேசிக்கொண்டிருக்கும்போதே மேசை ஃபோன் அடித்தது. மூவரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தோம். வரவேற்பில் இருந்து அக்காதான்.

தளக்காரர் வந்திருக்கிறாராம். பார்க்கவே பயமாக இருக்கிறதாம்.

அண்ணனை அங்கேயே இருக்கச் சொல்லி ஆசிரியர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் மட்டும் போனேன்.

அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்கத் தாடி. பொத்தான்கள் மாறிப் போட்ட சட்டை. கண்கள் இரண்டும் பழுத்த மிளகாய். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று பயந்தவர் போல நின்றுகொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். தளத்தைப் பற்றி மறுப்பு போட வேண்டுமாம். எல்லோரும் அந்த எண்ணை அழித்துவிட வேண்டும் என்று எழுத வேண்டுமாம்.

நீங்களே தளத்தை மூடிவிடலாமே என்றேன்.

“எப்பவோ மூடிட்டேன் மேடம். ஒயரைக்கூடப் பிடுங்கிட்டேன். அவ நிறுத்த மாட்டேங்கிறா.”

யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தன் ஃபோனைக் கல்லில் வைத்து உடைத்துவிட்டாராம். விடுதியில் அறை எடுத்தாராம். கண்ணை மூடினதும் பக்கத்து அறைகளில் எல்லாம் ஃபோன் அடித்ததாம். பேருந்தில் உட்கார்ந்தபடி கண் சொக்கினால், பேருந்து முழுக்க அடித்ததாம். ஓட்டுநர் நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டாராம். கண்ணைத் திறந்தால் நின்றுவிடும். மூடினால்...

சொல்லிக்கொண்டே நாற்காலியின் கையைப் பிடித்தார். உட்கார்ந்தார். தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

கண்கள் மூடின.

அக்காவின் மேசை ஃபோன் அடித்தது.

அடுத்து, அக்காவின் கைப்பையில்.

அடுத்து, என் கையில்.

பிறகு உள்ளே, நடைவழி நெடுக, ஒவ்வொரு மேசையாக... ஒன்றன்பின் ஒன்றாக இல்லை. மழை பிடித்துக்கொள்வது போல. மாடி முழுக்க. எல்லா ஃபோனும்.

அவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார்.

நிசப்தம்.

அப்படி ஒரு நிசப்தத்தை எங்கள் அலுவலகத்தில் நான் கேட்டதில்லை. யாரும் தட்டச்சுகூடச் செய்யவில்லை. எல்லோரும் கையில் ஃபோனுடன் எழுந்து நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தீங்கள்ல?” என்றார். அழக்கூடத் தெம்பு இல்லாத குரல்.

மறுபடியும் தலை சாய்ந்தது.

மறுபடியும் அடித்தது.

இந்த முறை அவர் உடனே விழிக்கவில்லை. ஒரு மனிதனால் அவ்வளவுதான் முடியும். வாய் திறந்து, தலை தொங்கி, அப்படியே போய்விட்டார்.

நான் என் ஃபோனை எடுத்தேன். காதுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

“ஏங்க...”

என் ஃபோனில். அக்காவின் ஃபோனில். எடுக்காத ஃபோன்களிலும். மூலையில் இணைப்பே இல்லாமல் தூசி படிந்து கிடந்த பழைய ஃபேக்ஸ் இயந்திரத்திலும்.

“ஏங்க... எழுந்திருங்க.”

டொக். டொக். டொக்.

“கதவைத் திறங்க.”

தளக்காரர் எழுந்தார். கண்கள் திறந்திருந்தன. ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. இந்த முறை ஃபோன்கள் அடங்கவும் இல்லை.

“திறக்கிறேன்... திறக்கிறேன்மா...”

நடைவழியில் நடந்தார். முதல் கதவைத் திறந்தார். கழிவறை. எட்டிப் பார்த்தார். அடுத்தது ஆசிரியர் அறை. அதையும் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்தது கூட்ட அறை. திறந்தார். நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தளக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் வேறு யாரும் இல்லையே என்று பார்ப்பது போல. பிறகு அடுத்த கதவுக்குப் போனார்.

நடைவழியின் முடிவில் ஒரு மர அலமாரி உண்டு. ஆள் உயரம். துப்புரவு செய்கிற அம்மா துடைப்பமும் மாப்பும் வைப்பது. பூட்டு கிடையாது. தாழ்ப்பாளும் கிடையாது. இழுத்தால் திறக்கும், ஒரு கைப்பிடி மட்டும்.

இழுத்தார்.

உள்ளே இருந்து காற்று வந்தது.

காய்ச்சலில் கிடப்பவர் மேல் இருந்து கம்பளியை விலக்கினால் முகத்தில் அடிக்குமே. அந்தச் சூடு. அந்த வாடை. யாரோ விட்ட மூச்சு, விட்ட மூச்சு, விட்ட மூச்சு... போக வழியில்லாமல் கிடந்து, இப்போதுதான் வெளியே வருகிறது.

என் கன்னத்தில் பட்டது. இன்னும் மறக்கவில்லை.

அவர் உள்ளே போனார். தானாகப் போனாரா என்று போலீசில் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது அவருடைய குதிகால்கள். அவை தரையில் இல்லை.

கதவு சாத்திக்கொண்டது.

டக்.

ஃபோன்கள் எல்லாம் நின்றன.

உள்ளே அவர் அலற ஆரம்பித்தார். ஆசிரியரும் நானும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். காவலாளி ஓடி வந்து இழுத்தார். கைப்பிடிதான் கையோடு வந்தது. ஒரு துடைப்ப அலமாரி. பலகையில் செய்த கதவு. சுவரை இழுப்பது போல இருந்தது.

“காத்து இல்ல... காத்து இல்ல...”

அண்ணன் வந்து நின்றார். இரும்பை வளைக்கும் கை அவருக்கு. ஆசிரியர் அவரையும் இழுக்கச் சொன்னார். அவர் இழுக்கவில்லை. குனிந்து கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன்.

உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் திணறிக்கொண்டு.

ஒருவர்... நிதானமாக.

“சொல்லு” என்றார் அண்ணன், கதவைப் பார்த்து. “அவ கேக்கட்டும்.”

அலறல் நின்றது. பிறகு உள்ளே இருந்து, மூக்குச் சளியும் அழுகையுமாக ஒரு குரல்.

“நான்தான் பூட்டினேன்.”

கதவு திறந்தது. யாரும் இழுக்கவில்லை. அறைக்குள் காற்று வந்தால் திறக்குமே, அப்படி மெல்லத் திறந்தது. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே மாப் சாய்ந்து கிடந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை.

போலீஸ் வரும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் தூங்கிவிடுவோம் என்ற பயமோ என்னவோ.

தளத்துக்கு ஆயிரக்கணக்கான பெயர்கள் வேண்டியிருந்தன. வீட்டில் வெளிச்சத்தம் வராத இடம் துணி அலமாரிதான். உள்ளே கம்பளி அடித்து, மைக் வைத்து, அவளை உட்கார வைத்துப் பெயர்களைப் பேசச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு மூச்சு முட்டும். அடிக்கடி வெளியே வந்துவிடுவாள். வேலை ஓடவில்லை என்று அவருக்கு எரிச்சல். அன்றைக்கு மத்தியானம் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். முடித்துவிட்டுத் தட்டு, திறக்கிறேன் என்றாராம்.

அவள் தட்டியிருக்கிறாள்.

இவர் சாப்பிட்டுவிட்டு, அதே அறையில், கட்டிலில் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு அந்த அழைப்புகள் எங்கேயும் வரவில்லை. எங்கள் வீட்டிலும் வரவில்லை. வாசகர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்தத் தளம் இயங்கவில்லை என்று மட்டும் அடுத்த இதழில் ஒரு வரி போட்டோம். என் கணவர் பழையபடி அலாரம் கடிகாரங்களுக்குத் திரும்பிவிட்டார். அலமாரிகளை நான் இப்போதெல்லாம் முழுதாகச் சாத்துவதில்லை.

சில மாதங்கள் கழித்து அண்ணன் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். வழக்குக்காகப் போலீசார் கணினியில் இருந்த பதிவுகளை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். குரலை உறுதிசெய்ய அவரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கடைசிப் பதிவு அந்த மத்தியானத்தினுடையது. மைக் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பெயர்கள் பாதியில் நிற்கின்றன. அதற்குப் பிறகு தட்டும் சத்தம். அதற்குப் பிறகு அவள் புருஷனைக் கூப்பிடுகிறாள். கோபமாக இல்லை. கெஞ்சிக்கூட இல்லை. தூங்குகிறவரைப் பதறவைக்கக் கூடாது என்பது போல.

ஏங்க... எழுந்திருங்க. நேரமாச்சு.

அதைத்தான் வெட்டி எடுத்துத் தளத்தில் வைத்திருக்கிறான். ஏன் அதை எடுத்தாய் என்று போலீசார் கேட்டார்களாம். இருந்ததிலேயே அதுதான் உயிரோட்டமாக இருந்தது என்றானாம்.

நாங்கள் ஆயிரக்கணக்கான பேர் தினமும் காலையில் அதைக் கேட்டுத்தான் கண் விழித்திருக்கிறோம்.

எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னொன்றும் சொன்னார்.

அவன் இப்போது சிறை மருத்துவமனையில் இருக்கிறான். உயிரோடுதான் இருக்கிறான். அந்த வார்டுக்குள் ஃபோனுக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவனுக்கு ஊசி போட்டுத் தூங்க வைக்கிறார்கள். மருந்து வேலை செய்து, கண் மூடும். மூடியதும், வார்டில் மற்ற கட்டில்களில் படுத்திருக்கும் நோயாளிகள்... எல்லோரும் ஆண்கள், எல்லோரும் நல்ல தூக்கத்தில்... கண்ணைத் திறக்காமலே வாயைத் திறக்கிறார்கள். ஒரே நேரத்தில். ஒரே குரலில். ஒரு பெண்ணின் குரலில்.

இரண்டு வார்டு மாற்றிப் பார்த்துவிட்டார்களாம். அங்கேயும் அப்படித்தானாம்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

பார்வையாளர் நேரத்தில் போவாராம். உறவுக்காரர் என்பதால் விடுகிறார்களாம். அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டாராம். கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம்.

பயமாக இல்லையா என்றேன்.

தழும்பேறிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன பயம்? என் தங்கச்சி குரலைக் கேக்க எனக்கு வேற வழி ஏதும்மா? அவன் கண்ணு சொருகுற வரைக்கும் உக்காந்திருப்பேன். கேட்டுட்டு வருவேன்.”

வாரம் தவறாமல் போகிறார்.